வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4: முதல்முறை படிக்க உட்காருகிறவர்களுக்கு

துணிக்கடை, மில், கொரியர் ஆபீஸ், மருந்துக்கடை என்று எங்காவது வேலை பார்த்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வை எழுதலாமென்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டு வேலையே முழுநேர வேலையாக இருக்கிறவர்களும் இதில் சேர்த்தி. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்பதால் எழுதிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அறிவிப்பு வந்த வாரம் புத்தகக் கடையில் நிற்க இடமிருக்காது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் வாங்கிய கைடு டிவி ஸ்டாண்டுக்குப் போயிருக்கும்.

நடுவில் நடப்பது என்ன? முதல் நாள் ஆசையோடு மூன்று மணி நேரம் படிக்கிறோம். நாலாம் நாள் கால் கடுக்க வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறோம். "எனக்கு மனஉறுதி பத்தாது" என்று நம்மையே திட்டிக்கொண்டு ஊக்கப் பேச்சு வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்க்கிறோம். அந்தச் சூட்டில் அன்றைக்குக் கொஞ்சம் படிப்பு நடக்கும். மறுநாள் பழைய கதை. பகல் முழுக்க நின்று வேலை பார்த்தவருக்கு இரவு பத்து மணிக்குப் படிக்கும் ஆசை இருக்காது. அதில் குணக்கேடு எதுவும் இல்லை, உடம்பு அப்படித்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் அந்தக் களைப்பு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே ஆசை இல்லாத நாளிலும் புத்தகம் திறக்கிற மாதிரி அன்றாடத்தை மாற்றி வைப்பதுதான் முதல் வேலை. படிப்பு அதற்கப்புறம்.

முதலில் பழைய கேள்வித்தாள்

எந்தப் புத்தகமும் வாங்குவதற்கு முன் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இருக்கும் பழைய குரூப் 4 கேள்வித்தாள் ஒன்றையும் அதன் விடைக்குறிப்பையும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையோ வார விடுமுறையோ பார்த்து, நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், சாவகாசமாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறி: "தெரியும்", "எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறது", "சுத்தமாகத் தெரியாது". மதிப்பெண் எவ்வளவு என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. இரண்டாவது குறி எத்தனை விழுந்தது என்று மட்டும் எண்ணுங்கள். பள்ளியில் படித்து மறந்துபோனவை அவை. நீங்கள் நினைப்பதைவிட நிறையவே இருக்கும். உங்களுக்குச் சீக்கிரம் மதிப்பெண் தரப்போவதும் அவைதான்.

தேர்வின் அமைப்பு இது: 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். பாதி, அதாவது 100 கேள்வி, தமிழ்த் தகுதித் தேர்வு. அதற்கு 150 மதிப்பெண். பாக்கியில் 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. தமிழிலிருந்து தொடங்குங்கள். வரலாறு பிடிக்கும் என்று சிந்துவெளியில் ஆரம்பித்து அங்கேயே இரண்டு மாதம் நின்றுவிடுகிறவர்கள் ஏராளம்.

போட்டி கடுமைதான். 2024இல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஆனால் அதில் சில லட்சம் பேர் தேர்வு எழுதவே வரவில்லை. வந்தவர்களிலும் பாடத்திட்டத்தை ஒருமுறையாவது முழுசாக முடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசியுங்கள். உங்களுக்கு உண்மையான போட்டி அந்தச் சின்னக் கூட்டத்தோடுதான்.

புத்தக விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 6 முதல் 10 வரையிலான பள்ளிப் பாடநூல்கள் அடித்தளம். பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கும். பாடத்திட்டம் அவ்வப்போது மாறுவதால், உங்கள் ஆண்டு அறிவிப்போடு வந்ததை மட்டும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். டெலிகிராம் குரூப்பில் வருகிற பிடிஎஃப் எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் போனில் இடம் நிறையும், வேறு பயன் கிடையாது.

நேரம் எங்கே இருக்கிறது

"விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படி" என்பது ஊரில் எல்லோரும் இலவசமாகத் தரும் யோசனை. இரவு பத்தரைக்குக் கடை அடைத்து, பதினொன்றரைக்குச் சாப்பிட்டுப் படுப்பவர் நாலு மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். ஒரு வாரம் ஓடும். அப்புறம் புத்தகத்தின் மேலேயே தூங்குவார். தூக்கத்தைக் குறைத்தால் படித்தது நினைவில் நிற்பதும் குறைகிறது என்பது நன்றாக ஆராய்ந்து அறியப்பட்ட விஷயம். தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

பதிலாக மூன்று நாளைக்கு உங்கள் நேரம் எங்கே போகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். யாருக்கும் காட்டவேண்டாம், அதனால் பொய் எழுதவும் தேவையில்லை. எழுந்ததும் போன் பார்த்தபடி படுத்திருந்தது, பஸ்ஸுக்கு நின்றது, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது, மதியச் சாப்பாடு முடிந்து கவுன்டருக்குத் திரும்பும் வரை இருந்தது, எல்லாம் அந்தச் சீட்டில் வந்துவிடும். அநேகமாக எல்லோருக்கும் ஒரு நாளில் முக்கால் மணி நேரமாவது இப்படிச் சிதறிக் கிடக்கும். அதில் ஒரே ஒரு துண்டை, கொஞ்சம் பெரிய துண்டாகப் பார்த்து, படிப்புக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதித் துண்டுகளைத் தொடவேண்டாம், அவற்றுக்குப் பின்னால் வேறு வேலை வைத்திருக்கிறேன்.

எடுத்த நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், நீங்கள் எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். "காலை 6.30க்குப் படிப்பேன்" என்பது ஷிஃப்ட் மாறினால் செத்துப்போகும். "குளித்து வந்து தலை துவட்டியதும் சமையலறை மேடையருகே உட்கார்ந்து தமிழ்ப் புத்தகம் திறப்பேன்" என்பது எந்த ஷிஃப்டிலும் நிற்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தியதும் என்று வைத்துக்கொள்ளலாம். பாத்திரம் அப்புறம் துலக்கிக்கொள்ளலாம், அது எங்கும் போகாது. "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே "செய்யவேண்டும்" என்று நினைப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார். அந்த முடிச்சை ஒரு வாக்கியமாக எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக

முதல் இரண்டு வாரம் தினமும் இரண்டு பக்கம். அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மேலும் படிக்கத் தோன்றினால் படியுங்கள். தோன்றாவிட்டால் இரண்டோடு மூடிவிட்டு நிம்மதியாக எழுந்து போங்கள்.

"இந்த வேகத்தில் போனால் எப்போது முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இந்த இரண்டு வாரத்தில் பாடம் முடிக்க நாம் பார்க்கவில்லை. புத்தகம் திறக்கும் பழக்கத்தை ஊன்றப் பார்க்கிறோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் சகாக்களும், 96 பேரை ஏதாவது ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர, நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று மேடைகளில் சொல்வதை நம்பி, 22ஆம் நாள் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து நாற்பது நிமிடம் ஆக்குங்கள். இரண்டு மாதம் கழித்து, வார விடுமுறை நாளில் மட்டும் இரண்டு மணி நேரம். வேலைக்குப் போகிறவருக்கு இதற்கு மேல் திட்டம் போடுவது அநேகமாகக் காகிதத்தோடு நின்றுவிடும். கலர் ஸ்கெட்சில் அட்டவணை போடுவதும் அப்படித்தான். போட்ட திருப்தியிலேயே அன்றைய தெம்பு தீர்ந்துபோகிறது.

உட்காரும் இடம், போன்

ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும்போது படி என்று சொல்வது அநியாயம். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள், அங்கும் போட்டித் தேர்வுக்கான பகுதி உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம், பல நகராட்சிகளில் சமீபத்தில் கட்டிய அறிவுசார் மையம் ஆகியவற்றைப் போய்ப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கும். வகுப்பு நேரம் உங்களுக்கு ஒத்துவராவிட்டாலும் அங்கே படிக்கிறவர்களின் பழக்கம் கிடைக்கும். இவை எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் மொட்டை மாடி, கோயில் மண்டபம், ஷிஃப்ட் தொடங்குமுன் கம்பெனி கேன்டீன். எங்கேயாவது ஒரே இடமாக இருப்பது நல்லது. அங்கே போய் உட்கார்ந்ததும் கை தானாகப் புத்தகத்துக்குப் போகும்.

போனை என்ன செய்வது? சைலன்ட்டில் போட்டு மேஜையில் வைப்பது உதவாது. கவிழ்த்து வைத்தாலும் மனசு அதன் பக்கமே போகும். அடுத்த அறையில், அல்லது பீரோவுக்குள், அல்லது வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். அவசர அழைப்பு வந்தால் அவர்கள் கூப்பிடுவார்கள். பாடத்தையே போனில்தான் படிக்கிறேன் என்றால், அன்றைய இரண்டு பக்கத்தை முன்கூட்டியே கடையில் அச்சிட்டுக்கொள்ளும் சில ரூபாய்ச் செலவு வீணாகாது.

புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்களென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் படிப்பது என்றால் திரும்பத் திரும்பக் கண்ணால் ஓட்டுவதும் மஞ்சள் மார்க்கரால் பூசுவதும்தான். மூன்றாவது முறை ஓட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். தேர்வு அறையில் நாலு விடையும் சரி மாதிரித் தோன்றுவது இதன் பலன்தான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களைப் பிரித்து, ஒரு சாராரை ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். இன்னொரு சாராரை வாசித்துவிட்டு மூடி, நினைவிலிருந்ததை எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. உங்கள் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து நடக்கப்போவதில்லை.

செய்முறை எளிது. இரண்டு பக்கம் படியுங்கள். மூடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். முதல் சில நாள் நாலு வரி வருவதே கஷ்டமாக இருக்கும், "படித்தும் ஒன்றும் ஏறவில்லையே" என்று சோர்வு வரும். அந்தக் கஷ்டம்தான் வேலை செய்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். நாளைக்கு நீங்கள் பார்க்கவேண்டியது அந்த வேறு நிறத்தை மட்டுமே.

அடுத்து அட்டைகள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டினால் போதும், காசு வேண்டாம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. "ஊக்கமுடைமை, திருக்குறளில் எத்தனையாவது அதிகாரம்?" திருப்பினால், 60. (அடுத்த அதிகாரமே மடியின்மை. வள்ளுவருக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது.) "5,000 ரூபாய், 8 சதவீதத் தனிவட்டி, 3 வருடம்?" திருப்பினால், 1,200. ஒரு அட்டையில் ஒரே ஒரு கேள்வி, அதை மீறாதீர்கள்.

அட்டைகளை மூன்று ரப்பர் பேண்டு கட்டாக வையுங்கள். புதிய அட்டை முதல் கட்டில், அது தினமும். சரியாகச் சொன்னால் இரண்டாம் கட்டுக்குப் போகும். அதை மூன்று நாளைக்கு ஒருமுறை எடுங்கள். மறுபடி சரியாகச் சொன்னால் மூன்றாம் கட்டு, வாரத்துக்கு ஒருமுறை. எந்தக் கட்டில் தவறினாலும் முதல் கட்டுக்குத் திரும்பி வரும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பெட்டிகளை வைத்துச் சொன்ன முறை இது, நமக்கு ரப்பர் பேண்டு போதும். தொடவேண்டாம் என்று சொன்னேனே, அந்தச் சிதறல் நேரம், அது இதற்குத்தான். பஸ் ஸ்டாப்பில் பத்து அட்டை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து. சட்டைப் பையில் இருக்கிற அட்டைக்கு எந்த மனஉறுதியும் தேவைப்படாது.

கணக்குக்கு மட்டும் இந்த முறை பாதிதான் உதவும். 25 கேள்வி, 37.5 மதிப்பெண்; தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.), வேலையும் நேரமும் என்று வகைகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு வாரம் ஒரு வகை, தினமும் ஐந்து கணக்கு, கையால் எழுதிப் போடுங்கள். வீடியோவில் இன்னொருவர் போடுவதைப் பார்ப்பது கணக்குப் போட்டதாகாது.

விட்டுப்போகும் நாட்கள்

விட்டுப்போகும். ஜவுளிக்கடைக்காரருக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் சாப்பிடவே நேரம் இருக்காது. வீட்டில் காய்ச்சல், ஊரில் திருவிழா, மாமா பெண் கல்யாணம். இவற்றைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த வாரங்களுக்கு "ஐந்து அட்டை, போதும்" என்று தனி அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து அட்டை பார்த்த நாளும் படித்த நாள்தான், காலண்டரில் தாராளமாக டிக் போடலாம்.

விட்ட பாடத்தை மறுநாள் சேர்த்துப் படிக்க முயல வேண்டாம். மூன்று நாள் பாக்கி ஆறு பக்கமாகி, அதைப் பார்த்து நாலாம் நாளும் போய், கடைசியில் வட்டிக்கு வாங்கின கடன் மாதிரி ஆகிவிடும். பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு இன்றைய இரண்டு பக்கத்தைப் படியுங்கள். ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: தொடர்ந்து இரண்டு நாள் விடுவதில்லை.

யாரிடம் சொல்வது

சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. சொன்னால் ஒவ்வொரு விசேஷத்திலும் "என்னாச்சு, எழுதினியா?" என்று கேட்டே களைப்பாக்கிவிடுவார்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அதுவும் தெளிவான வேண்டுகோளாக: "தினமும் இந்த நாற்பது நிமிடம் என்னைக் கூப்பிடாதீங்க, அதுக்கப்புறம் எந்த வேலைன்னாலும் நான் பாத்துக்கிறேன்." பொதுவாக "எனக்கு உதவியாக இருங்கள்" என்றால் யாருக்கும் எதைச் செய்வதென்று தெரியாது. கல்யாணமான பெண்கள் விஷயத்தில் இந்த நாற்பது நிமிடத்துக்கே சண்டை போடவேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சண்டை போடத் தகுந்த விஷயம்தான்.

இன்னொருவர், அதே தேர்வுக்குப் படிப்பவர். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம், போனிலாவது ஒருவரை ஒருவர் அட்டையை வைத்துக் கேள்வி கேளுங்கள். இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பைவிட இந்த ஒருவர் மேல்.

மாதிரித் தேர்வு

பாடம் முழுக்க முடிந்ததும் மாதிரித் தேர்வு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், பாடம் முடியவே முடியாது. மூன்றாம் மாதத்திலிருந்து மாதம் ஒன்று. கடைசி இரண்டு மாதம் வாரம் ஒன்று. தேர்வு நடக்கிற அதே காலை 9.30 முதல் 12.30 வரை, நடுவில் எழாமல், ஓஎம்ஆர் தாளில் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டம் நிரப்பி எழுதிப் பழகுங்கள். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 நொடிதான், அதிலேயே வட்டம் நிரப்பும் நேரமும் அடக்கம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் இரண்டு விடைக்குள் குழம்பினால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிரப்பிவிடுங்கள். ஒன்றுமே தெரியாத கேள்விக்கு ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்ற வட்டம் இருக்கிறது. எதையும் வெறுமனே விடக்கூடாது என்பது விதி.

எழுதி முடித்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷமோ வருத்தமோ படுவதில் பலனில்லை. தவறிய ஒவ்வொன்றையும் பிரியுங்கள்: படிக்கவே இல்லையா, படித்து மறந்ததா, தெரிந்தும் அவசரத்தில் "தவறானது எது" என்பதைச் "சரியானது எது" என்று வாசித்துவிட்டீர்களா? முதலாவது வகை புத்தகத்துக்குப் போகும். இரண்டாவது புது அட்டை ஆகும். மூன்றாவது வகைக்குப் படிப்பு மருந்தில்லை, கேள்வியில் "தவறான", "பொருந்தாத" என்ற சொற்களைக் கோடிடும் பழக்கம்தான் மருந்து. பலருக்கு இந்த மூன்றாவது வகையிலேயே பத்துப் பதினைந்து மதிப்பெண் கிடக்கும்.

எத்தனை தடவை எழுதுவது

இதை யாரும் முதலிலேயே பேசுவதில்லை, ஆனால் பேசவேண்டும். இத்தனை தடவை எழுதுவேன் என்று ஒரு எண்ணைத் தொடங்கும்போதே வீட்டாரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், குரூப் 4க்காக வேண்டாம் என்பதுதான். சம்பளம் வருகிற வரை ஒரு தடவை தவறினால் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். சம்பளம் நின்றால் ஒவ்வொரு மாதமும் நெருக்கும். அந்த நெருக்கடியில் படிப்பு ஏறாது. படித்தது வேறு வழியிலும் உதவும்: சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் காவலர் தேர்வுக்கும் பத்தாம் வகுப்பும் தமிழ்த் தகுதித் தேர்வும்தான், பட்டம் இருந்தால் குரூப் 2 இருக்கிறது. வயது வரம்பு, உடல் தகுதி ஆகியவற்றை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விடுப்பு. 2024இல் தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தது, 2025இல் சனிக்கிழமை. இரண்டும் கடைகளுக்குக் கூட்டம் சேரும் நாட்கள். தேதி அறிவித்த அன்றே முதலாளியிடமோ சூப்பர்வைசரிடமோ தேர்வு நாளுக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் சேர்த்துக் கேட்டு வையுங்கள், ஹால் டிக்கெட் வந்ததும் அதைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். முந்தின நாள் கிடைக்காவிட்டால் அன்று மாலை ஷிஃப்டையாவது யாரோடாவது மாற்றிக்கொண்டு, தேர்வு மையம் இருக்கும் தெருவை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊரில் ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருப்பது சகஜம்.